வில்லை எங்கே? ஒரு கன்வேயரைக் கட்டிக் கற்ற செமஸ்டர்

கன்வேயர் பெல்ட்டில் வரும் உலோக வில்லைகளைக் காலையில் பத்துக்குப் பத்து சரியாகத் தள்ளிய காற்று சிலிண்டர், மதியம் பெல்ட் முழுக்க வில்லைகளை ஏற்றியதும் தடுமாறியது. எஃகு வில்லையின் நடுவில் பட வேண்டிய சிலிண்டர் முனைத் தட்டு அதன் முன் ஓரத்தில் பட்டது. வில்லை சுழன்று பக்கத் தடுப்பில் ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவை ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மாணவர்களின் நிரல் குழு உடனே கணினி முன் உட்கார்ந்து, சிலிண்டர் எப்போது தள்ள வேண்டும் என்று சொல்லும் டைமரை 1.8 விநாடியிலிருந்து 2 விநாடிக்கு ஏற்றியது. அடுத்த சில வில்லைகள் ஒழுங்காகப் போயின. பெல்ட்டில் சுமை குறைந்ததும் மறுபடியும் சிக்கல், இந்த முறை பின் ஓரத்தில். டைமர் 1.9 ஆனது. அப்புறம் 1.95.

இந்தச் சிக்கல் வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வாரத்தில் அவர்கள் டைமர் வைத்து எழுதியபோதே தெரியும். சொல்லவில்லை. எண்ணை மாற்றி மாற்றி, எந்த எண்ணும் நிலைக்காது என்பதை அவர்களே பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே பாடத்தை நடத்துகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வாரமாவது பயன்படும்.

நிலையத்தின் அமைப்பு

ரோபாட்டிக்ஸும் தொழிலக ஆட்டோமேஷனும் சேர்ந்த மூன்றாம் ஆண்டுப் பாடம். வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேர ஆய்வகம், பன்னிரண்டு வாரம், பதினாறு மாணவர்கள். முந்தைய ஆண்டுகளில் பெட்டியில் வரும் பயிற்சிக் கருவியை வைத்துத்தான் நடத்தினேன். முகப்பில் வரிசையாக சாக்கெட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் அச்சிட்ட பெயர். வண்ண வயரைச் செருகினால் விளக்கு எரியும். இயந்திரத்தை ஓட்டும் நிரலை ஏணி போன்ற வரைபடமாக எழுதும் லேடர் முறையைக் கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் படித்து முடித்து ஆலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து பேசும்போது ஒன்றையே சொன்னார்கள்: பேனலைத் திறந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தக் கருவியில் வயர் கழலாது, சென்சார் இடம் நகராது, பெல்ட் வழுக்காது. நிரல் தவறினால் மட்டும்தான் எல்லாம் தவறும். ஆலையில் நிலைமை தலைகீழ். பல மாதம் ஒழுங்காக ஓடிய நிரல் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே எங்கோ ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

எனவே இந்த முறை எல்லாவற்றையும் உதிரியாகக் கொடுத்தேன். 900 மிமீ நீளமுள்ள அலுமினியச் சட்டம், 50 மிமீ விட்டத்தில் இரண்டு ரோலர், 24 வோல்ட் கியர் மோட்டார், ஒரு சிறிய பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிலகக் கணினி). ஓட விடுவது 40 மிமீ விட்டமுள்ள வில்லைகள்: எஃகு, பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் கலந்து. பெல்ட் வேகம் விநாடிக்கு 150 மிமீ. தொடக்கத்தில் ஒரு இண்டக்டிவ் சென்சார் உலோகத்தை இனம் காணும். அதிலிருந்து 300 மிமீ தள்ளி ஒரு காற்று சிலிண்டர் உலோக வில்லையைப் பக்கத்துச் சரிவில் தள்ளும். பெல்ட்டின் முனைக்கு வந்து சேரும் பிளாஸ்டிக் வில்லையை நான்கு மூட்டுகள் கொண்ட சர்வோ கை (மூட்டுக்கு ஒரு சர்வோ, அதாவது சொன்ன கோணத்தில் நிற்கும் மோட்டார்) எடுத்துத் தட்டில் அடுக்கும். அவ்வளவுதான் வேலை. சிறிய வேலை என்றாலும் இதில் இயந்திரம், மின்சாரம், காற்று, நிரல், கணக்கு எல்லாம் வந்துவிடுகின்றன.

சட்டம், வயரிங், நிரல், கை என்று நான்கு குழுக்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வேலை மாறும். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன், ஏனென்றால் ஒரு குழு இழுத்த வயரை இன்னொரு குழு படிக்க வேண்டி வரும்போதுதான் ஒழுங்கு பிறக்கிறது. நான்காவது வாரம் முதல் மாற்றம் நடந்த அன்றே சண்டை. “எது எங்கே போகிறது என்று ஒன்றுமே புரியவில்லை, சார்” என்றார்கள் புதிதாக வந்தவர்கள். எல்லாம் சிவப்பு வயர், எண் கிடையாது, முனையில் ஃபெரூல் (வயர் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) கிடையாது. அன்றைய மூன்று மணி நேரமும் வேறு எதுவும் செய்யாமல், எல்லா வயரையும் கழற்றி, இரண்டு முனையிலும் ஒரே எண் போட்டு, ஃபெரூல் அழுத்தி, திரும்ப மாட்டினார்கள். 24 வோல்ட் சிவப்பு, 0 வோல்ட் நீலம், சிக்னல் கறுப்பு என்று முடிவானது. ஒரு வகுப்பு முழுக்கப் போய்விட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பழுதிலும் அந்த மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்தது.

சென்சார் பார்க்கிறது, பிஎல்சி பார்க்கவில்லை

இரண்டாவது வாரத்திலேயே முதல் பழுது வந்தது. எஃகு வில்லையை இண்டக்டிவ் சென்சார் முன் காட்டினால் சென்சாரின் பின்புறச் சிறு விளக்கு எரிகிறது. பிஎல்சியின் இன்புட் விளக்கு எரியவில்லை. வயரிங் குழு இன்புட்டை மாற்றிப் பார்த்தது, நிரலைத் திரும்ப ஏற்றியது, பிஎல்சியையே சந்தேகித்தது.

அப்போதுதான் சுவரில் ஒரு தாளை ஒட்டினேன். வில்லை, சென்சார், வயர், டெர்மினல், இன்புட் விளக்கு, நிரல், அவுட்புட் விளக்கு, ரிலே, வால்வு, சிலிண்டர் என்று மேலிருந்து கீழாகப் பத்துப் பெயர்கள். எந்தப் பழுதானாலும், மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் இந்தப் பத்தில் எந்த இரண்டுக்கு நடுவே சிக்னல் தொலைகிறது என்று மல்டிமீட்டரால் கண்டுபிடித்து எழுத வேண்டும். அதுதான் ஆய்வகத்தின் விதி.

ஒரு மாணவி சென்சாரோடு வரும் கேபிளில் கறுப்பு சிக்னல் வயருக்கும் நீல 0 வோல்ட் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தார். வில்லை இல்லாதபோது நிலையில்லாமல் மிதக்கும் ஒரு எண். வில்லை வந்ததும் ஏறத்தாழ 0. “வில்லை வந்தால் 24 வர வேண்டும் அல்லவா? இது தலைகீழாக இருக்கிறதே” என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். கையில் இருந்தது என்பிஎன் வகை. அது பொருளைக் கண்டதும் சிக்னல் வயரை 0 வோல்ட்டோடு இணைக்கும். எங்கள் பிஎல்சியிலோ இன்புட்டுகளின் பொது முனையை 0 வோல்ட்டில் கட்டியிருந்தோம்; சிக்னல் வயரில் 24 வோல்ட் வந்தால்தான் இன்புட்டில் மின்னோட்டம் பாயும். இரண்டு பக்கமும் 0 என்றால் என்ன பாயும்?

பொது முனையை 24 வோல்ட்டுக்கு மாற்றினால் அந்த சென்சார் வேலை செய்யும். ஆனால் அதே பொது முனையில் இருக்கும் பொத்தான்கள் எல்லாவற்றையும் மாற்றிக் கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, பொருளைக் கண்டதும் சிக்னல் வயரில் 24 வோல்ட் தரும் பிஎன்பி வகை சென்சார் ஒன்றை மாட்டினோம். என்பிஎன், பிஎன்பி இரண்டும் டிரான்சிஸ்டர் வகைகள் என்று எல்லோருக்கும் இரண்டாம் ஆண்டிலேயே தெரியும். அந்த எழுத்துகள் ஒரு இயந்திரத்தை ஓட விடாமல் நிறுத்தும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து அலுமினியம். எஃகு வில்லை பத்துக்குப் பத்து பிடிபட்டது; அலுமினிய வில்லை பிளாஸ்டிக் போலக் கடந்து போனது. சென்சார் பெட்டியில் கண்டறியும் தூரம் 5 மிமீ என்று போட்டிருந்தது, நாங்கள் வைத்திருந்த இடைவெளி 3 மிமீ. பிறகு ஏன்? அந்த 5 மிமீ மென் எஃகை வைத்து அளந்த தூரம். அலுமினியத்துக்கு அதில் ஏறத்தாழ 0.4 மடங்குதான் கிடைக்கும், அதாவது 2 மிமீ. தரவுத்தாளின் இரண்டாவது பக்கத்தில் இது சிறிய அட்டவணையாக இருக்கிறது. யாரும் அதுவரை போகவில்லை. இடைவெளியை 1.5 மிமீ ஆக்கியதும் அலுமினியமும் பிடிபட்டது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் பெல்ட் சற்று மேலும் கீழும் ஆடினாலே வில்லை சென்சாரை உரசும் ஆபத்து. சட்டக் குழு பெல்ட்டுக்கு அடியில் ஒரு தட்டையான தாங்கு பலகை வைத்து ஆட்டத்தை நிறுத்தியது. சென்சாரின் பழுதுக்கு மருந்து சட்டத்தில் கிடைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நிறுத்தும் பொத்தான்

அவசர நிறுத்தப் பொத்தானை முதலில் சாதாரணப் பொத்தான் போலவே கட்டினார்கள்: அழுத்தினால் இணையும் தொடர்பு, பிஎல்சி இன்புட்டுக்கு ஒரு வயர், நிரலில் ஒரு வரி. அழுத்தினால் மோட்டார் நின்றது. எல்லோருக்கும் திருப்தி. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் டெர்மினலில் இருந்து அந்த ஒரு வயரைக் கழற்றினேன். இப்போது அழுத்துங்கள் என்றேன். பொத்தான் உள்ளே போனது, பெல்ட் பாட்டுக்கு ஓடியது.

யாரும் பேசவில்லை. இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு சாதாரண நிலையில் மூடியிருக்கும் தொடர்புக்கு மாற்றினோம். வயர் அறுந்தாலும் பொத்தானை அழுத்தினாலும் ஒரே விளைவு: சுற்று திறந்து இயந்திரம் நிற்கும். அதோடு அந்தத் தொடர்பை நிரலின் வழியாக இல்லாமல் பாதுகாப்பு ரிலே வழியாக நேரடியாக மோட்டார், வால்வு இரண்டின் மின்சாரத்திலும் வைத்தோம். பிஎல்சிக்கு ஒரு தகவல் மட்டும் போகும். பொத்தானை விடுவித்தால் மட்டும் பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கக் கூடாது. தொடங்கு பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும். அவசர நிறுத்தத்துக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 13850 கேட்பதும் இதைத்தான். விதியைப் படித்துக் காட்டுவதைவிட வயரைக் கழற்றிக் காட்டியது ஆழமாகப் பதிந்தது.

சிலிண்டர் விஷயத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இன்னும் நல்லது. “சார், அழுத்தினால் சிலிண்டர் எந்தப் பக்கம் போகும்?” எங்களுடையது ஒரு சோலினாய்டும் (மின்காந்தச் சுருள்) ஸ்பிரிங்கும் உள்ள 5/2 வால்வு, அதாவது ஐந்து வாய், இரண்டு நிலை. மின்சாரம் போனால் ஸ்பிரிங் வால்வைத் திருப்பும், காற்று இருப்பதால் சிலிண்டர் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் இருந்தால்? அவசரமாக நிறுத்தும் செயலே ஒரு அசைவை உண்டாக்குகிறது. ஒரு 3/2 வால்வைக் காற்று வழியில் சேர்த்து, நிறுத்தம் வந்தால் காற்று வெளியேறும்படி செய்தோம். கூடவே, வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தும் திருகைச் சரிசெய்து சிலிண்டரின் வேகத்தையும் குறைத்தோம். வெளியே வர 200 மில்லி விநாடி ஆனது. இந்த 200-ஐ நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஒரே அவுட்புட், இரண்டு வரி

இது சின்னதுதான், ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் யாராவது செய்வதால் எழுதுகிறேன். பெல்ட் மோட்டாரைத் தானியங்கி முறையில் ஓட்ட ஒரு வரி, கையால் ஓட்ட இன்னொரு வரி, இரண்டின் முடிவிலும் அதே மோட்டார் காயில் (அவுட்புட்டைக் குறிக்கும் குறி). கையால் ஓட்டினால் ஓடியது, தானியங்கியில் ஓடவில்லை. லேடர் வரைபடம் ரிலே சுற்று மாதிரியே தெரிவதால், இரண்டு வரியும் பக்கவாட்டில் இணைந்த இரண்டு வழிகள் என்று மனம் நம்பிவிடுகிறது.

அது அப்படித் தெரிவதற்குக் காரணம் உண்டு. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் பிரிவு ரிலே பேனல்களுக்கு மாற்று தேடியது. டிக் மோர்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 என்ற பிஎல்சி அந்தக் காலத்து விடைகளில் ஒன்று. அவர்களுடைய நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண். ரிலே வரைபடம் படித்துப் பழகிய மின்பணியாளர்களே இதையும் படிக்கும்படி வரைபடத்தின் உருவம் அப்படியே தொடர்ந்தது. ஆனால் உள்ளே நடப்பது வேறு: இன்புட்டுகளை ஒரு தடவை படிக்கும், வரிகளை மேலிருந்து கீழாகக் கணக்கிடும், கடைசியில் அவுட்புட்டுகளை எழுதும், மறுபடி முதலிலிருந்து. ஒரே அவுட்புட்டை இரண்டு வரி எழுதினால் கீழே இருக்கும் வரி சொல்வதுதான் நடக்கும். எங்கள் நிரலில் கீழே இருந்தது கையால் ஓட்டும் வரி. இரண்டு நிபந்தனைகளையும் ஒரே வரியில் பக்கவாட்டில் சேர்த்ததும் முடிந்தது.

நேரமா, இடமா

ஆறாவது வாரத்துக்கு வருகிறேன். டைமர் கணக்கு இப்படி: 300 மிமீ தூரம், விநாடிக்கு 150 மிமீ வேகம், ஆக 2 விநாடி. சிலிண்டர் வெளியே வர 0.2 விநாடி. எனவே சென்சார் பார்த்து 1.8 விநாடியில் வால்வைத் திறக்க வேண்டும். கணக்கில் தவறே இல்லை.

டைமர் எண்ணைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டு, பெல்ட்டின் வேகத்தை அளக்கச் சொன்னேன். பெல்ட்டின் முழுச் சுற்று 1.8 மீட்டர். அதில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு நிறுத்துக் கடிகாரத்தால் பார்த்தார்கள். வெறும் பெல்ட்டில் ஒரு சுற்றுக்கு 12 விநாடி. இருபது வில்லை ஏற்றினால் 13.3 விநாடி. அதாவது வேகம் விநாடிக்கு 135 மிமீ ஆகக் குறைந்திருக்கிறது. 2 விநாடியில் வில்லை 270 மிமீதான் வந்திருக்கும். 30 மிமீ பாக்கி. தட்டின் அகலம் 60 மிமீ. அதனால்தான் தட்டின் ஓரம் வில்லையில் பட்டது.

மோட்டார் வலுவில்லாமல் மெதுவாகிறது என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒரு குழு மட்டும் ஓட்டும் ரோலரிலும் ஒரு கோடு போட்டுப் பத்துச் சுற்றுகளை எண்ணியது. சுமை இல்லாமலும் 10.5 விநாடி, சுமையோடும் 10.5 விநாடி. மோட்டார் மெதுவாகவே இல்லை! ரோலர் அதே வேகத்தில் சுற்றுகிறது, பெல்ட் அதன் மேல் வழுக்குகிறது. பெல்ட்டை இறுக்கினார்கள். வேக வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. “முடிந்தது, சார்” என்றார்கள்.

பெல்ட் நடுவில் ஒரு எஃகு வில்லை வந்துகொண்டிருந்தபோது அவசர நிறுத்தத்தை அழுத்தினேன். ஐந்து விநாடி கழித்து விடுவித்துத் தொடங்கச் சொன்னேன். டைமர் அந்த ஐந்து விநாடிக்குள் ஓடி முடிந்திருந்தது. வில்லை சிலிண்டரைத் தாண்டி, யாரும் தொடாமல், பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கடைசி வரை போனது.

அப்போது வயரிங் குழுவில் இருந்த ஒரு மாணவி மெதுவாகச் சொன்னார்: “நமக்கு வேண்டியது எப்போது வரும் என்பது இல்லை. இப்போது எங்கே இருக்கிறது என்பது.” நான் ஆறு வாரம் காத்திருந்த வாக்கியம் இதுதான். பலகையில் அப்படியே எழுதி, செமஸ்டர் முடியும்வரை அழிக்கவில்லை.

இடத்தை அறிய ரோலரில் என்கோடர் (சுற்றுவதைத் துடிப்புகளாக எண்ணித் தரும் கருவி) வைக்கலாம் என்று முடிவானது. அலமாரியில் ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடர் இருந்தது. ஓட்டும் ரோலரில் மாட்டப் போனார்கள். பெல்ட் வழுக்கினால் அந்த ரோலர் பொய் சொல்லும் என்று, முன்பு ரோலரில் கோடு போட்டு எண்ணிய குழு தடுத்தது. பெல்ட்டால் இழுபட்டு மட்டும் சுற்றும் கடைசி ரோலரில் மாட்டினார்கள். கையால் மெதுவாகச் சுற்றினால் பிஎல்சி ஒவ்வொன்றாக எண்ணியது. மோட்டாரை ஓட விட்டால் எண் 0-இல் நின்றுவிட்டது.

எனக்கு இந்தப் பழுதை முதன்முதலில் பார்க்கும் முகங்களைப் பார்க்கப் பிடிக்கும். மெதுவாக ஓடினால் எண்ணுகிறது, வேகமாக ஓடினால் ஒன்றுமே இல்லை. கணக்கு இப்படி: ரோலர் சுற்றளவு 157 மிமீ. 150 மிமீ வேகத்தில் விநாடிக்கு 0.955 சுற்று, அதாவது 573 துடிப்பு. ஒரு துடிப்புக்கு 1.75 மில்லி விநாடி, அதில் பாதி நேரம்தான் சிக்னல் மேலே இருக்கும். எங்கள் இன்புட்டின் ஃபில்டர் 6 மில்லி விநாடி. பொத்தான் அதிர்வையும் இரைச்சலையும் தள்ளிவிடுவதற்காக வைத்த ஃபில்டர், எங்கள் துடிப்புகளையும் இரைச்சல் என்று தள்ளிவிட்டது.

இரண்டு வழிகள். பிஎல்சியின் அதிவேக எண்ணி இன்புட்டுக்கு மாற்றலாம், அல்லது துடிப்புகளைக் குறைக்கலாம். எவ்வளவு துல்லியம் தேவை என்று முதலில் கேட்டேன். 60 மிமீ தட்டு, 40 மிமீ வில்லை. 10 மிமீ முன்பின்னானாலும் தள்ளிவிடும். அப்படியானால் கால் மில்லிமீட்டர் அளப்பது எதற்கு? ஒரு கறுப்பு அக்ரிலிக் வட்டில் 20 பிளவுகளை வெட்டி ரோலர் அச்சில் மாட்டி, யூ வடிவ ஒளி சென்சாரால் படித்தார்கள். துடிப்புக்கு 7.85 மிமீ, விநாடிக்கு 19 துடிப்பு, ஒவ்வொன்றும் 26 மில்லி விநாடி மேலே இருக்கும். சாதாரண இன்புட்டே நிம்மதியாகப் படித்தது. இருக்கும் நல்ல கருவியை ஒதுக்கிவிட்டு எளியதை எடுத்ததில் சிலருக்கு மனக்குறை. எனக்கு இல்லை. தேவையை முதலில் எழுதிவிட்டுக் கருவியைத் தேர்ந்தார்கள், பொறியியலில் நான் கற்றுத்தர விரும்புவது இந்த வரிசையைத்தான்.

பிறகு நிரல். டைமரை எடுத்துவிட்டு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். பெல்ட்டையே நினைவகத்தில் வரைந்தது போல நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாம் ஒரு கட்டம் நகரும். உலோகம் தெரிந்தால் முதல் கட்டத்தில் 1. 300 மிமீ என்பது 38 துடிப்பு. சிலிண்டர் வெளிவரும் 200 மில்லி விநாடியில் வில்லை 30 மிமீ நகரும், அது ஏறத்தாழ 4 துடிப்பு. எனவே 34-ஆவது கட்டத்தில் 1 வந்தால் வால்வைத் திற. பெல்ட் நின்றால் துடிப்பு நிற்கும், கட்டங்களும் நிற்கும். அவசர நிறுத்தத்தை அழுத்தி, ஐந்து விநாடி கழித்துத் தொடங்கினேன். சிலிண்டர் வில்லையின் நடுவில் தள்ளியது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வாரமே ஒரு புதிய வில்லையைக் கொடுத்தேன்: நடுவில் 22 மிமீ துளையுள்ள எஃகு வளையம். சிலிண்டர் இரண்டு தடவை அடித்தது, இரண்டாவது அடி பின்னால் வந்த பிளாஸ்டிக்கின் மேல். வளையத்தின் முன் பட்டை, துளை, பின் பட்டை என்று கடந்தபோது சென்சாருக்கு அது இரண்டு பொருள். ஒரு முறை பார்த்ததும் அடுத்த 6 துடிப்புக்கு, அதாவது 47 மிமீ நகரும்வரை, புதிதாக எதையும் பதியாதே என்று ஒரு வரி சேர்த்தார்கள். இதற்கு விலையாக வில்லைகளுக்கு நடுவே போதிய இடைவெளி கட்டாயமானது. அதை ஏற்றும் இடத்தில் எழுதி ஒட்டினார்கள்.

தீராத விவாதம் ஒன்றும் நடந்தது. நிறுத்தம் வந்தபோது யாராவது கையால் ஒரு வில்லையை எடுத்துவிட்டால்? நினைவகத்தில் அது இன்னும் இருக்கும். நிறுத்தத்துக்குப் பிறகு கட்டங்களை வைத்திருப்பதா, அழிப்பதா? வைத்திருந்தால் இல்லாத வில்லையைத் தள்ளும். அழித்தால் இருக்கும் உலோகத்தை விட்டுவிடும். கடைசியில், நிலையத்தின் கதவைத் திறந்திருந்தால் அழித்துவிட்டுப் பெல்ட்டைக் காலி செய்த பிறகே தொடங்குவது, திறக்காவிட்டால் வைத்திருப்பது என்று முடிவுக்கு வந்தார்கள். கதவுக்கு ஒரு சுவிட்ச் வேண்டியிருந்தது. மாட்டினார்கள்.

கை

கையின் கணக்கை வகுப்பில் முன்பே முடித்திருந்தோம். டெனவிட்டும் ஹார்ட்டன்பர்க்கும் 1955-இல் தந்த முறையில் நான்கு மூட்டுக்கும் அட்டவணை போட்டு, கை முனை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டார்கள். திரையில் ஒரு புள்ளி பிசகவில்லை. மேசையில் கை முனை வில்லையிலிருந்து 12 மிமீ தள்ளி இறங்கியது.

மேல் கை 120 மிமீ, முன் கை 120 மிமீ. முழுக்க நீட்டினால் 240. தோள் மூட்டில் 3 டிகிரி பிசகினால் முனையில் 12.6 மிமீ பிசகும். அந்த 3 டிகிரி எங்கிருந்து வந்தது? சர்வோ அச்சின் முனையில் 25 பற்கள். ஆக, கரத்தை 14.4 டிகிரிக்கு ஒரு இடத்தில்தான் மாட்ட முடியும். கணக்கில் 0 என்று எழுதிய இடத்தில் அது ஒருபோதும் சரியாக உட்காராது. அதோடு ஒவ்வொரு சர்வோவும் ஒரே துடிப்பு அகலத்துக்கு (கோணத்தைச் சொல்லும் சிக்னலின் நீளம்) சற்று வெவ்வேறு கோணம் போகிறது. மூலைமட்டத்தை வைத்து ஒவ்வொரு மூட்டையும் 0, 90 என்ற இரண்டு கோணத்தில் நிறுத்தி, அதற்கான துடிப்பு அகலத்தைக் குறித்து, மூட்டுக்கு ஒரு திருத்தம் எழுதினார்கள். பிசகு 3 மிமீக்குள் வந்தது. வில்லையைப் பிடிக்கும் உறிஞ்சு கிண்ணத்துக்கு அது போதும்.

நான்கு சர்வோவும் ஒன்றாகக் கிளம்பினால் கையின் கட்டுப்பாட்டு அட்டை தானாக ரீசெட் ஆனது. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்ததுதான் காரணம். சர்வோவுக்குத் தனி மின்வழங்கி, 0 வோல்ட் மட்டும் பொது, ஒரு பெரிய மின்தேக்கி. தீர்ந்தது. இன்னொரு அட்டை தீர்ந்தே போனது: பிஎல்சியின் 24 வோல்ட் அவுட்புட்டை 5 வோல்ட் முனையில் நேராகக் கட்டிவிட்டார்கள். அந்த மாணவர் மிகவும் கலங்கிவிட்டார். யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஒளி இணைப்பி (இரண்டு சுற்றுகளை மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் இணைப்பது) வைத்த ஒரு சிறிய பலகையை அவரே செய்து கொண்டுவந்தார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது பிஎல்சியும் கையும் பேசிக்கொள்ளும் விதத்தில். வில்லை முனைக்கு வந்ததும் பிஎல்சி 100 மில்லி விநாடிக்கு ஒரு சிக்னல் கொடுத்தது. கை அப்போது முந்தைய வில்லையை அடுக்கிக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்காது. வில்லை அங்கேயே கிடக்கும், அடுத்தது அதன்மேல் வந்து முட்டும். ஒரு மாணவர் சொன்ன ஒப்புமை அழகாக இருந்தது: நிரம்பிய பாத்திரத்தைக் கை மாற்றும்போது, வாங்குகிறவர் “பிடித்துக்கொண்டேன்” என்று சொல்லாமல் கொடுக்கிறவர் விடக்கூடாது. அதையே சிக்னல்களாக எழுதினார்கள். “வில்லை தயார்” என்று பிஎல்சி சொல்லும், சொல்லிக்கொண்டே இருக்கும். “எடுக்கிறேன்” என்று கை சொன்னதும்தான் பிஎல்சி தன் சிக்னலை இறக்கும். அது இறங்கியதைப் பார்த்த பிறகு கை வேலையைச் செய்து, முடிந்ததும் தன் சிக்னலை இறக்கும். இரண்டும் கீழே இருந்தால்தான் அடுத்த வில்லைக்குப் பேச்சு. பிறகு எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தை நிறுத்தினாலும் வில்லை தொலையவில்லை.

தேர்வு

கடைசி வாரம் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாகப் பழுது தேர்வு. குழு வெளியே நிற்கும்; நான் மூன்று பழுதுகளைச் செய்துவிட்டு அழைப்பேன். ஒரு டெர்மினலில் வயர் உள்ளே இருக்கும், ஆனால் திருகு செப்பைப் பிடிக்காமல் உறையைப் பிடித்திருக்கும். சென்சார் இடைவெளி 3 மிமீ ஆகியிருக்கும். எஃகு பிடிபடும், அலுமினியம் நழுவும். சிலிண்டரின் காற்றுத் திருகு முக்கால்வாசி மூடியிருக்கும். மென்பொருளைத் திறக்கும் முன் சுவர்த் தாளின் பத்து இடங்களில் எங்கே சிக்னல் தொலைந்தது என்று எழுதினால்தான் மதிப்பெண்.

நான்கு குழுக்களில் மூன்று, மூன்று பழுதையும் கண்டுபிடித்தன. நான்காவது குழு காற்றுத் திருகில் நெடுநேரம் நின்றது. வால்வு திறக்கிறது, சிலிண்டர் வருகிறது, ஆனாலும் வில்லையின் பின் ஓரத்தில் படுகிறது. ஒருவர் மடிக்கணினியை இழுத்து 34-ஐ 30 ஆக்கலாம் என்றார். பக்கத்தில் இருந்தவர் மடிக்கணினியை மூடிவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கினார்.